சோடா குடித்தவர்கள் சம்மதித்தார்கள்

நிதி மந்திரி தன் தோல்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய அன்று சிகேமாவில் மழை இல்லை, சர்க்கரை இல்லை, அநேகமாக யாருக்கும் வேலையும் இல்லை. லுயேகே சர்க்கரை ஆலை மூடிப் பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தவர்கள் மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அதன்மேலேயே மல்லாந்து தூங்கினார்கள். கடைக்காரர் எண்ணெயை பாட்டிலில் விற்பதை விட்டுவிட்டுக் கரண்டியில் விற்றார். இந்த லட்சணத்தில், பெட்டிக்குள் நமக்கு என்ன இருக்கும் என்று நாடே ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மந்திரி நான்கு மணி நேரம் பேசினார். மூன்று முறை தண்ணீர் குடித்தார். பொருளாதாரம் சரிந்துவிட்டது என்பது விஷமிகள் கிளப்பிய புரளி என்றார். அது ஏறுவதற்கு முன்னால் சற்று மூச்சு வாங்குகிறதாம். அது மூச்சு வாங்கி முடிக்கும்வரை மக்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உறுப்பினர்கள் மகிழ்ச்சி தாங்காமல் தரையைக் காலால் உதைத்தார்கள். அந்தச் சத்தம் ரேடியோவில் மாட்டு மந்தை பாலத்தைக் கடப்பது போலக் கேட்டது.

நெலிமா இதையெல்லாம் தன் மாவு ஆலையில் நின்றபடி கேட்டாள். ஆலை என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நான்கு கம்பத்தின்மேல் தகரம், மூன்று பக்கம் செங்கல், நடுவே ஒரு டீசல் எஞ்சின், அது சுழற்றும் ஒரு பெல்ட். சுற்றுவட்டாரத்தில் நான்கு ஊர்ப் பெண்கள் சோளத்தை டின்னில் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள்; மாவாக்கி எடுத்துப்போய் உகாலி என்ற கெட்டிக் களி கிண்டுவார்கள். உகாலி இல்லாமல் எதைத் தின்றாலும் அங்கே யாரும் அதைச் சாப்பாடு என்று சொல்வதில்லை, ஏதோ கொறித்தேன் என்பார்கள். புருஷன் செத்துப் பதினொரு வருடமாக நெலிமாவின் வீட்டு அடுப்பும் நாலு ஊர் அடுப்பும் அந்த ஒரு பெல்ட்டில்தான் சுழன்றுகொண்டிருந்தன.

நாற்பத்தேழாவது பிரிவு மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு வந்தது. எஞ்சின் வைத்து ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் எந்த இடமும் இனி தொழிற்சாலை. ஒவ்வொரு தொழிற்சாலையும், கம்பியில்லாமல் தலைநகரத்தோடு பேசும் ரசீது இயந்திரம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வைக்காத தொழிற்சாலை சீல் வைக்கப்படும். மந்திரி இதைச் சொல்லிவிட்டு, சின்னஞ்சிறு மனிதர்களையும் தொழிலதிபர்களாக உயர்த்திய முதல் வரவு செலவுத் திட்டம் இதுதான் என்றார். மறுபடியும் தரையை உதைத்தார்கள்.

சிகேமாவில் கம்பியில்லாமல் யாரோடும் பேச முடியாது. போன் பேச வேண்டுமென்றால் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கரையான் புற்றின்மேல் ஏறி, எல்கான் மலையைப் பார்த்து நின்று, இடது கையை மந்திரி பெட்டியைத் தூக்கியது போலத் தூக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் ஏறலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வரிசை நிற்கும். ரசீது இயந்திரத்தைப் புற்றின்மேல் வைப்பதா, எஞ்சினையே புற்றின்மேல் ஏற்றுவதா என்று நெலிமா இரண்டு நாள் யோசித்தாள். ஆலையை மூடினால் அடுத்த ஆலை லுயேகேயில்தான் இருக்கிறது, ஒன்பது கிலோமீட்டர். மூன்றாம் நாள் சீஃப் முக்வானா வந்தார்.

முக்வானா அரசாங்கம் அந்த வட்டாரத்துக்கு நியமித்த ஆள். காக்கிச் சட்டையும் கக்கத்தில் பிரம்பும் இல்லாமல் அவரை அவர் மனைவிகூட அதிகம் பார்த்ததில்லை. மேலிடத்திலிருந்து அவருக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. சட்டப்படி மக்களைக் கேட்காமல் வரி போடக்கூடாது. எனவே மக்கள் எதிர்வினை ஆணையம் என்று ஒன்று லுயேகேக்கு வருகிறது. சிகேமாவிலிருந்து நாற்பது மக்கள் தேவை. பஸ் கட்டணம் கொடுப்பார்கள், குடிக்க சோடாவும் உண்டு.

"நான் சொன்னா மாத்துவாங்களா, சீஃப் ஐயா?" என்று கேட்டாள் நெலிமா.

"சொல்றது உங்க உரிமை, அக்கா. மாத்தறதும் மாத்தாததும் அவங்க உரிமை. ஒருத்தர் உரிமையில இன்னொருத்தர் தலையிடக் கூடாதில்ல."

இதைக் கேட்டு எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் நெலிமா நம்பினாள். எதிரே உட்கார்ந்து சொன்னால் மனுஷனுக்கு மனுஷன் புரியாமலா போய்விடும் என்பது அவள் கணக்கு. சொல்ல வேண்டியதை இரண்டே வாக்கியமாகச் சுருக்கினாள்: எங்கள் ஊரில் சிக்னல் இல்லை, சிக்னல் வருகிறவரைக்கும் எங்கள் ஆலையை விட்டுவிடுங்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் அதைக் கத்திக் கத்திப் பழகினாள். வாரம் தவறாமல் இரண்டு டின் சோளத்தோடு வரும் நஞ்சாலா, ஆலைக்குக் கீழே ஓடும் ஓடையின் எதிர்க் கரையில் நின்று, கேட்கிறது கேட்கிறது என்று கையாட்டினாள்.

லுயேகே மண்டபத்தின் வாசலில் பெரில் என்ற இளம் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், சிரித்த முகம். பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. கையெழுத்துப் போட்டால்தான் சோடா. எதற்குக் கையெழுத்து என்று நெலிமா கேட்டாள். சோடாவுக்குத்தான் என்றாள் பெரில். தாளின் மேல்பகுதி பின்பக்கமாக மடிக்கப்பட்டு, அதன்மேல் பெரிய கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. வெயிலில் வந்தவர்களுக்கு மடிப்பைப் பிரித்துப் பார்க்கத் தோன்றுமா, பாட்டிலின் மேல் வழியும் தண்ணீர்தான் தெரியும். நாற்பது பேரும் போட்டார்கள்.

மேடையில் பதினோரு பேர். அந்த ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு: மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயரும் பதவியும் சொல்லி 'அவர்களே' போட்டு வணங்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதனால் முதல் ஆள் எழுந்து மற்ற பத்துப் பேரையும் வணங்கினார். இரண்டாவது ஆள் தன்னை வணங்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு மற்ற பத்துப் பேரையும் வணங்கினார். இப்படியே ஏழாவது ஆள் வணங்கிக்கொண்டிருக்கும்போது துணை இயக்குநர் ஒருவர் தாமதமாக வந்து சேர்ந்தார். இதுவரை நடந்த வணக்கங்களில் அவர் பெயர் விட்டுப்போயிருப்பது பெரிய அவமரியாதை என்று முடிவாகி, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கிய வணக்கம் ஒரு மணிக்கு முடிந்தது.

பிறகு பாதிரியார் ஜெபித்தார். வரவு செலவுத் திட்டத்தின் முதல் பக்கம் தொடங்கி அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்வரை ஆசீர்வதிக்குமாறும், அட்டவணைகளை விசேஷமாகக் காக்குமாறும் ஆண்டவரைக் கேட்டுக்கொண்டார். அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஒரே ஒரு பிரதியாக, வெல்வெட் மெத்தையில், மேலே துணி போர்த்தி உள்ளே கொண்டுவரப்பட்டது. துணியை விலக்கினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மக்கள் பார்க்கலாம், தொடக் கூடாது என்றார் நிகழ்ச்சித் தொகுப்பாளர். படிக்க விரும்புகிறவர்கள் இணையத்தில் படித்துக்கொள்ளலாமாம். அப்போ எல்லாரும் புத்துமேல ஏறுங்க என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க, சிகேமா ஆட்கள் மட்டும் சிரித்தார்கள்.

ஆணையத்தின் தலைவர் டாக்டர் எலியுட் மசிபோ பேச எழுந்தார். மனிதர் நோயாளியைத் தொட்ட டாக்டர் அல்ல. மக்கள் எதிர்வினையை அளப்பது எப்படி என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். மற்ற பதினோரு பேரையும் வணங்கி முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, மிகுந்த அன்போடு ஆரம்பித்தார்.

"நாடு நல்லா இருக்கறப்போ மக்களைக் கேக்க எங்களுக்கு நேரமே கிடைக்கறதில்ல. இப்ப மோசமா இருக்கறதால நேரம் கிடைச்சிருக்கு, அதுக்கு நாம நன்றி சொல்லணும். உங்க கருத்து எங்களுக்கு உயிர் மாதிரி. அது வீணாகிடக் கூடாதுன்னுதான் கருத்தறிக்கையைப் போன மாசமே அச்சடிச்சு வெச்சுட்டோம். எத்தனை பேர்னு எண் போடற இடம் மட்டும்தான் காலியா இருக்கு. ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. மக்களைக் கேக்காம பண்ற தப்புக்கு அரசாங்கம் பொறுப்பு. கேட்டுட்டுப் பண்ற தப்புக்கு யாருமே பொறுப்பில்ல. ஜனநாயகத்தோட அழகே அதுதான்."

மண்டபம் கைதட்டியது. நெலிமாவும் தட்டினாள். பிறகு எதற்குத் தட்டினோம் என்று யோசித்தாள்.

பேச விரும்புகிறவர்கள் முதலில் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் ஐந்து கட்டம். எந்தப் பிரிவு, அதில் என்ன இருக்கிறது, அதற்குப் பதிலாக என்ன வேண்டும், காரணம், சான்று. சான்றை இணைப்பாகத் தர வேண்டும். நெலிமா முதல் மூன்று கட்டத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினாள். நாலாவது கட்டம் குண்டூசிப் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. அதற்குள் அடங்கும்படி 'பசி' என்று எழுதிக் கொடுத்தாள்.

பெரில் அதைப் பார்த்து வருத்தப்பட்டாள். "பசின்னு எழுதியிருக்கீங்க. சரி. சான்று எங்கம்மா?"

"ஆலை மூடிட்டா நாலு ஊர் பட்டினி கெடக்கும். அதான் சான்று."

"அது இன்னும் நடக்கலையே. இப்ப காட்டற மாதிரி ஏதாவது?"

நெலிமா தன் வயிற்றைக் காட்டினாள். காலையில் ஒரு டம்ளர் டீயோடு கிளம்பியவள், மணி இரண்டு தாண்டியிருந்தது.

"வயித்தை இணைப்பா ஏத்துக்க முடியாதும்மா," என்றாள் பெரில். அவள் குரலில் கேலி இல்லை, உண்மையாகவே முடியாது என்ற கவலைதான் இருந்தது. இருந்தாலும் பாவம் பார்த்து, ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டு நிமிடம் பேச அனுமதித்தாள். பின்னால் உதவும் என்று ஒரு வெற்றுப் படிவமும் கொடுத்தாள். நெலிமா அதை மடித்துத் தலைத்துணிக்குள் செருகிக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்து, எங்க ஊர்ல, என்று ஆரம்பித்தாள். உடனே தொகுப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்தார். மேடையை வணங்காமல் பேசலாமா? நெலிமா திரும்பி நின்று, டாக்டர் மசிபோ அவர்களே, துணை இயக்குநர் அவர்களே என்று தொடங்கினாள். பெயர் தெரியாத இடத்தில் தொகுப்பாளர் காதில் சொல்லிக் கொடுத்தார். எட்டாவது ஆளை வணங்கும்போது பெரில் மணியை அடித்தாள். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போகும்போது, "சிக்னல் இல்லைய்யா!" என்று நெலிமா வாய் கிழியக் கத்தினாள். அந்த நொடியில் ஒரு போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த வாரம் அந்தப் போட்டோ பத்திரிகையில் வந்தது. நெலிமாவின் வாய் காதுவரை திறந்திருந்தது, ஒரு கை மேலே போயிருந்தது, இன்னொரு கையில் சோடா பாட்டில். 'வரவு செலவுத் திட்டத்தை ஆர்ப்பரித்து வரவேற்கும் பெண் தொழிலதிபர்' என்று கீழே போட்டிருந்தார்கள். நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டு முழுமனதோடு ஆதரித்தார்கள் என்றது செய்தி. மடித்து வைத்த தாளின் மேல்பகுதியில் என்ன இருந்தது என்று அப்போதுதான் சிகேமாவுக்குத் தெரிந்தது.

நெலிமா பத்திரிகையோடு சீஃபிடம் ஓடினாள். நாற்பது பேர் போகட்டும், கூட்டத்துக்கே வராத மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். முக்வானா அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, வராதவர்கள் நாற்பத்தாறாயிரம் பேர் என்றும், ஆட்சேபம் இருந்திருந்தால் வந்திருப்பார்கள் என்றும், ஆகவே அவர்களும் ஆதரவுதான் என்றும் விளக்கினார். ஒரே ஒரு ஓட்டுக்கூட எதிர்ப்பாக விழாத வட்டாரம் என்று மேலிடத்தில் தன்னைப் பாராட்டியதையும் சொல்லிக்கொண்டார்.

அதுகூடப் பரவாயில்லை. ஊர்தான் நெலிமாவை விடவில்லை. மாவரைக்க வரும் பெண்கள் டின்னை இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டார்கள். நஞ்சாலாதான் ஆரம்பித்து வைத்தவள்.

"சோடா என்ன கலரு, அக்கா? ஆரஞ்சா, கறுப்பா?"

"ஆரஞ்சு," என்று முதல் நாள் வெகுளியாகச் சொல்லிவிட்டாள் நெலிமா. அதற்குப் பிறகு ஆரஞ்சு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு முகம் எரிந்தது. நாலு ஊரையும் ஒரு பாட்டில் சோடாவுக்கு விற்றுவிட்டாள் என்று சர்ச் வாசலில் பேசிக்கொண்டார்கள். அவளோடு போய் அதே சோடாவைக் குடித்த மற்ற முப்பத்தொன்பது பேரும் அப்படிப் பேசியவர்களில் சேர்த்தி. எஞ்சினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் நெலிமா அழுதாள். யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டு லாரியில் கூடாரமும் நாற்காலியும் வந்து இறங்கின. புதிய சட்டப்படி நாட்டிலேயே முதலாவதாகச் சீல் வைக்கப்படும் தொழிற்சாலை என்ற பெருமைக்கு நெலிமாவின் ஆலை தேர்வாகியிருந்தது. போட்டோவைப் பார்த்த டாக்டர் மசிபோ, இந்த அம்மா மகிழ்ச்சியாக ஒத்துழைப்பார் என்று சொன்னாராம். சீல் வைப்பு விழா பதினோரு மணிக்கு, நன்றியுரை மக்கள் சார்பில் நெலிமா, அதைத் தொடர்ந்து விருந்து என்று நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது.

விருந்துக்கு வீட்டுக்கு ஒரு கோழி தாமாக முன்வந்து கொடுக்கும்படி சீஃப் பிரம்போடு வீடு வீடாகப் போனார். உகாலிக்கு ஒரு மூட்டைச் சோளம் அவரே கொண்டுவந்து, காலையிலேயே அரைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கோழிக் குழம்பு இருந்தாலும் உகாலி இல்லாமல் பெரிய மனிதர்களை உட்கார வைக்க முடியாது. நெலிமா அந்த மூட்டையை முதலில் அரைத்து, மாவுச் சாக்கை எஞ்சினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அதற்குப் பிறகு ஊர்ப் பெண்களின் சோளத்தை எடுத்தாள். கடைசி நாள் என்று விடியற்காலையிலிருந்தே வரிசை நின்றது. மூன்று டின்தான் அரைந்திருக்கும். ஒலிபெருக்கி சோதனைக்கு எஞ்சின் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இருபத்து மூன்று டின் சோளம் சோளமாகவே வரிசையில் நின்றது.

பத்தேமுக்காலுக்கு நெலிமா சீஃபைத் தேடிப்போய், மாவுச் சாக்கு உள்ளே இருக்கிறது, சீல் வைப்பதற்கு முன் எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"நிரல்ல இருக்கா?" என்றார் முக்வானா.

"எது?"

"மாவு எடுக்கறது."

இல்லை என்றாள். அப்படியானால் இடையில் புகுந்து விழாவைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேடையில் நாற்காலிகளின் வரிசையைச் சரிபார்க்கப் போனார். பத்து நிமிடம் கழித்து அவள் மறுபடியும் போனாள். அவர் பிரம்பை உதட்டின்மேல் வைத்து உஸ் என்றார். இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. மூன்றாம் தரம் சொல்ல நெலிமாவுக்கு மனசு வரவில்லை.

வணக்கங்கள் முடிய ஒன்றரை மணி ஆனது. டாக்டர் மசிபோ முதலில் கதவில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். திறப்பு விழாக்களில் பழகிய கை. பிறகுதான் கதவைச் சாத்தி, கம்பி சுற்றி, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது அவர் பேசிய சிறுபேச்சில், ஒரு தொழிற்சாலை திறக்கப்படுவதைவிட ஒழுங்காக மூடப்படுவதில்தான் ஒரு நாட்டின் முதிர்ச்சி தெரிகிறது என்றார். திறந்திருக்கும் ஆலையில் எவ்வளவு மாவு அரைக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியவே தெரியாது. மூடிய ஆலையில் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும்.

நன்றியுரைக்கு நெலிமாவைக் கூப்பிட்டார்கள். பெரில் மணியோடு தயாராக உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம். தொகுப்பாளர், மேடையை வணங்க மறக்காதீர்கள் என்று ஜாடை காட்டினார். நெலிமா தலையசைத்துவிட்டு, ஒலிபெருக்கியோடு மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, டின்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நின்றாள்.

"வரிசையில முதல் ஆளா வந்திருக்கற நஞ்சாலா அவர்களே," என்றாள். "ரெண்டு டின் சோளம், அஞ்சு பிள்ளைங்க. நபுவிலே அவர்களே, ஏழு மாசம் முழுகாம இருக்கா, இனிமே டின்னைத் தூக்கிக்கிட்டு லுயேகே வரைக்கும் நடக்கப்போறா. நஃபூனா அவர்களே, சர்க்கரை ஆலையில வேலை போன ரெண்டு பேரை வீட்டுல வெச்சிருக்கா. கால் சரியில்லாத ரூத் அவர்களே..."

பெயர் சொன்னால் எழுந்து நின்று கைகூப்புவதுதான் முறை. ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். முதல் ஆள் கூச்சத்தோடு எழுந்தாள், நான்காவது ஆள் நிமிர்ந்தே எழுந்தாள். மேடையில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள். ஏழெட்டுப் பேர் எழுந்த பிறகுதான் துணை இயக்குநருக்கு ஏதோ உறைத்து, தட்டுவதை நிறுத்திப் பக்கத்தில் பார்த்தார். டாக்டர் மசிபோ அப்போதும் தட்டிக்கொண்டிருந்தார். பதினேழாவது பெயரில் பெரில் மணியை அடித்தாள். மெதுவாகத்தான் அடித்தாள்.

"வந்தவங்களை வணங்கவே நேரம் சரியாப் போச்சு," என்றாள் நெலிமா. "சொல்ல வந்ததைச் சொல்ல முடியல. போன தடவையும் இப்படித்தான் ஆச்சு. நன்றி."

மரபு வழுவாத நன்றியுரை என்று தொகுப்பாளர் பாராட்டினார். விருந்தினர்கள் கூடாரத்துக்குள் போய் நீளமான மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒருவர் செம்பும் தட்டும் கொண்டுவந்து பன்னிரண்டு பேரின் கையிலும் வெந்நீர் ஊற்றினார். கோழிக் குழம்பு வந்தது. சுக்குமா கீரை வந்தது. பன்னிரண்டு பேரும் கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உகாலிக்காகக் காத்திருந்தார்கள். அடுப்பில் பெரிய பானை நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. சீஃப் முக்வானா வியர்த்துப்போய் நெலிமாவிடம் வந்தார்.

"மாவு எங்க?"

"உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"தொழிற்சாலைக்குள்ள, சீஃப் ஐயா."

முக்வானா மேசைக்குப் போய் டாக்டர் மசிபோவின் காதில் சொன்னார். டாக்டர் எழுந்து, கையைத் தூக்கியபடியே ஆலைக் கதவுக்கு நடந்துவந்தார். கதவைப் பார்த்தார். தகரத்தின் இடுக்கு வழியாக மாவு வாசனை வந்தது. ஒரு சின்ன விஷயம்தானே, சீலைக் கொஞ்சம் தளர்த்தி எடுத்துக்கொள்ள முடியாதா என்று பெரிலைக் கேட்டார். பெரில் தன் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். சீலை அகற்ற வேண்டுமானால் இரண்டு பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, பதினான்கு நாள் கழித்து மக்கள் எதிர்வினைக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று நாற்பத்தேழாவது பிரிவின் ஒன்பதாவது உட்பிரிவில் இருந்தது. அந்த உட்பிரிவை எழுதியது யார் என்று டாக்டர் கேட்கவில்லை. எழுதியது அவர்தான்.

"விதிவிலக்கு எதுவும் இல்லையா?"

"மனு கொடுக்கலாம் சார். படிவம் வேணும். வண்டியில தீந்துபோச்சு."

நெலிமா தலைத்துணியிலிருந்து படிவத்தை எடுத்துப் பிரித்து, டின் ஒன்றின் மூடிமேல் வைத்து நீட்டினாள். மடிப்பில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. டாக்டர் மசிபோ பேனாவைக் கேட்டு வாங்கினார். சட்டம் எழுதிய கையல்லவா, மூன்று கட்டத்தை வேகமாக நிரப்பினார். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். என்னென்னவோ யோசித்துப் பார்த்தார். குண்டூசிப் பெட்டி அளவு கட்டம், அதில் எதுவும் அடங்கவில்லை. காலை ஐந்து மணிக்கு நகரத்திலிருந்து கிளம்பியவர். கடைசியில் 'பசி' என்று எழுதினார்.

நெலிமா அதை வாங்கி, உதடசைத்து நிதானமாகப் படித்தாள். பின்னால் இருபத்து மூன்று டின்களும் அவற்றின் சொந்தக்காரிகளும் வரிசை கலையாமல் நின்றார்கள்.

"காரணம் எழுதிட்டீங்க, சரி," என்றாள். "சான்று எங்க, சார்?"

டாக்டர் மசிபோ பெரிலைப் பார்த்தார். பெரில் தன் செருப்பைப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல், அவருடைய ஈரக் கை தானாகப் போய்ச் சட்டைப் பொத்தான்களின்மேல் நின்றது.

"வயித்தை இணைப்பா ஏத்துக்க முடியாதாம், சார்."

படிவத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் சரியில்லாத ரூத்தின் டின்னைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது. இப்போது கிளம்பினால்தான் வெளிச்சம் இருக்கும்போது லுயேகே போய்ச் சேரலாம். மற்றவர்களும் டின்னைத் தூக்கிக்கொண்டார்கள். நஞ்சாலா அவள் பக்கத்தில் வந்து சேர்ந்து நடந்தாள். வழி நெடுகப் பேச்சுக்குப் பஞ்சமில்லை, ஆனால் சோடா என்ன நிறம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.